ஆண்டு விழா அறிக்கையில் யார் யார் பெயர் வர வேண்டும்? (எங்கள் ஒன்றியத்து அரசுப் பள்ளிகள்)

வைப்பாற்றுக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். சாத்தூர் பக்கம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றின் மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். மகள் அங்கேதான் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அடுத்த மாதம் ஆண்டு விழா. அறிக்கையில் "மாணவர் சாதனைகள்" பகுதியை மட்டும் பெற்றோர் தரப்பில் எழுதிக் கொடுங்கள் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார்.

கையில் இருப்பது இவ்வளவுதான். போன வருட எட்டாம் வகுப்பில் இரண்டு பேர் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வில் வெற்றி. கலைத் திருவிழாவில் ஒயிலாட்டக் குழு வட்டார அளவில் முதலிடம் வாங்கி மாவட்டத்துக்குப் போனது, அங்கே இடம் கிடைக்கவில்லை. பெண்கள் கோ-கோ அணி குறுவட்டப் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தோற்றது. ஊர்க் கண்மாயைப் பற்றி இரண்டு பிள்ளைகள் செய்த ஆய்வு, குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் மாவட்ட அளவு வரை போனது.

குழுவில் இரண்டு கருத்து. பரிசு வாங்கியதை மட்டும் சொல்வோம், அப்போதுதான் ஜூன் மாதச் சேர்க்கைக்கு ஆள் வரும் என்கிறார்கள் சிலர். காலையில் ஊருக்குள் தனியார் பள்ளி வேன்கள் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவதைப் பார்க்கிறேன், அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனால் வென்றவர்களை மட்டும் எழுதினால் அதே ஆறேழு பிள்ளைகளின் பெயர்தான் திரும்பத் திரும்ப வருகிறது. பள்ளியில் ஏறக்குறைய நூற்றிருபது பேர் இருக்கிறார்கள். மற்றவர்கள் ஒரு வருடம் முழுக்க எதுவுமே செய்யவில்லை என்று மேடையில் சொல்வது போல ஆகிவிடாதா?

களத்தில் இறங்கிய எல்லோர் பெயரும் வர வேண்டும் என்பது என் எண்ணம். உங்கள் பள்ளிகளில் எப்படி எழுதுகிறீர்கள்?

கணக்கு டீச்சர்

வணக்கம் சார். தேனி மாவட்டத்தில் நடுநிலைப் பள்ளி ஆசிரியை நான். என்.எம்.எம்.எஸ்.ஸை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள், அதைக் கொஞ்சம் விரித்து எழுதுங்கள். அந்தத் தேர்வு என்ன என்றே பாதிப் பெற்றோருக்குத் தெரியாது.

நாடு முழுக்க வருடத்துக்கு ஒரு லட்சம் பிள்ளைகளுக்குத்தான் இந்த உதவித்தொகை. அதில் தமிழ்நாட்டுக்கு 6,695 இடம். எட்டாம் வகுப்பில் எழுதித் தேர்வானால் ஒன்பதாம் வகுப்பு தொடங்கிப் பன்னிரண்டாம் வகுப்பு வரை வருடத்துக்கு 12,000 ரூபாய், நான்கு வருடத்துக்கு 48,000. குடும்ப வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் 55 சதவீதம் எடுத்திருக்க வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 50.

மனத்திறன் பகுதியில் 90 கேள்வி, படிப்பறிவுப் பகுதியில் 90 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மணி நேரம். படிப்பறிவுக்குப் பாடப்புத்தகம் இருக்கிறது, சமாளித்துவிடுவார்கள். எண் தொடர், வென்படம், கண்ணாடி பிம்பம், உறவுமுறைக் கேள்வி இதெல்லாம் எந்தப் பாடத்திலும் இல்லை. ஜூன் மாதமே தொடங்கி, தினமும் நாலு கேள்வியைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதிப் போட்டால்தான் தேர்வு வருவதற்குள் பிள்ளைகளுக்குப் பயம் தெளியும். ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தை நிரப்புவதற்கே தனியாகப் பழக்க வேண்டும். அந்த இரண்டு பேருக்குப் பின்னால் ஒரு டீச்சரின் அல்லது சாரின் முழு வருட உழைப்பு இருக்கிறது. அவர் பெயரையும் அறிக்கையில் போடுங்கள்.

இன்னொன்று கேட்கிறேன். அந்த இருவரும் இப்போது எந்தப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறார்கள்? பணம் வருகிறதா என்று யாராவது விசாரித்தீர்களா? நடுநிலைப் பள்ளியில் படித்துத் தேர்வான பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போகிறது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் அந்தப் புதுப் பள்ளி மூலமாகத்தான் பதிய வேண்டும். இங்கே கற்றுக்கொடுத்தவருக்கு அங்கே நடப்பது தெரியாது. அங்கே இருப்பவருக்கு இந்தப் பிள்ளை தேர்வானதே தெரியாது. இந்த இடைவெளியில் எத்தனையோ பிள்ளைகளின் பணம் நின்றுபோகிறது. பட்டியலில் பெயர் வந்ததும் பேனர் வைத்துவிடுகிறோம், பணம் கைக்கு வந்ததா என்று பார்ப்பதில்லை.

ஊர்க்காரன்77

நான் வேறு பக்கம் நின்று பேசுகிறேன், கோபப்பட வேண்டாம். எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்து குறைந்து இப்போது ஈராசிரியர் பள்ளியாக நிற்கிறது. பக்கத்துத் தனியார் பள்ளி வருடா வருடம் மதிப்பெண்ணோடு படம் போட்டு பிளெக்ஸ் வைக்கிறது. பெற்றோர் அதைத்தான் பார்க்கிறார்கள். நாம் "குறுவட்டப் போட்டியில் கலந்துகொண்டு தோற்றோம்" என்று அறிக்கை வாசித்தால் யார் பிள்ளையைச் சேர்ப்பார்கள்? பரிசை முன்னால் வையுங்கள். பள்ளி நிலைத்தால்தானே மற்றதெல்லாம். பள்ளியே மூடப்பட்டால் எந்தப் பெயரை எங்கே வாசிப்பது?

விசில் சார்

ஊர்க்காரன் அண்ணா, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் கோ-கோ அணி தோற்றதை மறைக்கச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பதினைந்து வருடத்துக்கு மேல் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன்.

நடுநிலைப் பள்ளி அணி குறுவட்டத்துக்கு வந்து நிற்பதே பெரிய விஷயம். பெரும்பாலான நடுநிலைப் பள்ளிகளில் முழுநேர உடற்கல்வி ஆசிரியர் கிடையாது. 2012-ல் பகுதிநேர ஆசிரியர்களாக 16,000-க்கும் மேற்பட்டவர்களை எடுத்தார்கள், உடற்கல்வி, ஓவியம், தையல் என்று பிரித்துப் போட்டார்கள். அவர்கள் வாரத்தில் மூன்று அரை நாள்தான் பள்ளிக்கு வருவார்கள். அதுவும் இல்லாத பள்ளியில் தமிழ் டீச்சரோ அறிவியல் சாரோதான் விசிலைக் கையில் எடுக்கிறார்கள். எதிரில் வந்து நிற்பது மேல்நிலைப் பள்ளி அணி. அங்கே முழுநேர ஆசிரியர், பெரிய மைதானம், நட்டு வைத்த கோ-கோ கம்பம் எல்லாம் இருக்கும்.

கோ-கோவில் எட்டுப் பேர் வரிசையில் உட்கார ஒருத்தி துரத்துவாள். எதிரணி மூன்று மூன்று பேராக உள்ளே வரும். "கோ" கொடுத்த நொடியில் எழுந்து திசை எடுக்க வேண்டும், எடுத்த திசையை மாற்ற முடியாது. இது ஒருத்தியின் திறமையில் நடக்கிற ஆட்டம் இல்லை, ஒன்பது பேரும் ஒரே மாதிரி பழகியிருக்க வேண்டும். அந்த ஒன்பது பேரையும் வீட்டில் அனுமதி வாங்கி, பாவாடை சட்டையிலிருந்து டிராக் பேண்ட்டுக்கு மாற்றி, சனிக்கிழமையும் வரவைத்துப் பழக்குவது லேசுப்பட்ட வேலையா? 2025 ஜனவரியில் டெல்லியில் முதல் கோ-கோ உலகக் கோப்பை நடந்தது, இந்திய ஆண்கள், பெண்கள் இரண்டு அணியுமே வென்றன. அந்த ஆட்டத்தை ஆடுகிற பிள்ளைகள் நம் ஒன்றியத்துப் பள்ளிகளில் இருக்கிறார்கள் என்று பெருமையாகச் சொல்லுங்கள்.

குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று மூன்று படி. முதல் படியில் எல்லா அணியும் ஏறி நின்றால்தான் மேல் படிக்கு நல்ல அணி போகும்.

பட்டாசு ஆபீஸ் அம்மா

நான் அதிகம் படித்தவள் இல்லை, மகன்தான் போனில் எழுதித் தருகிறான். சிவகாசி பக்கம் பட்டாசு ஆபீசில் வேலை. போன வருடம் என் சின்னவள் கலைத் திருவிழாவில் ஆடினாள். வட்டாரப் போட்டி பக்கத்து ஊரில், டீச்சரே கூட்டிப் போனார். மாவட்டப் போட்டி தூரம். காலையில் ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும், திரும்பி வர ராத்திரி ஆகும், பொம்பளைப் பிள்ளைகளோடு ஒரு தாயாவது வர வேண்டும் என்றார்கள். நானும் இன்னொருத்தியும் போனோம். எங்களுக்கு அன்றைய கூலி போச்சு. சலங்கையும் தலைத்துண்டும் டீச்சர் கைக்காசு போட்டு வாங்கினார்.

பரிசு வரவில்லை. ஆனால் என் மகள் மைக் முன்னால் பேசவே மாட்டாள், இப்போது இறைவணக்கக் கூட்டத்தில் செய்தி வாசிக்கிறாள். இதை அறிக்கையில் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, படித்த நீங்கள்தான் எழுத வேண்டும்.

எழுதாமல் விடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பேர் வாசிக்கும்போது அவள் அப்பா கேட்க வேண்டும். அவர்தான் ஆட்டத்துக்கு எல்லாம் எதற்குப் போகிறாய் என்று சொன்னவர்.

கணக்கு டீச்சர்

அக்கா, நீங்கள் எழுதியதை எங்கள் பள்ளிப் பெற்றோர் குழுவுக்கு அப்படியே அனுப்பியிருக்கிறேன். இனிமேல் போட்டி நாளில் துணைக்கு வரும் தாய்மாருக்கு அன்றைய கூலியை மேலாண்மைக் குழு திரட்டித் தர முடியுமா என்று அடுத்த கூட்டத்தில் கேட்கப் போகிறேன்.

பத்தாம் வகுப்பு

உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் பேசுகிறேன். எல்லோரும் போட்டிகளைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் பக்கத்துச் சிரமத்தையும் கேளுங்கள். கலைத் திருவிழா 2022-ல் தொடங்கியபோது சந்தோஷப்பட்டவன்தான் நான். பறையும் வில்லுப்பாட்டும் பள்ளி மேடைக்கு வந்தது நல்ல விஷயம். ஆனால் இப்போது இலக்கிய மன்றம், வானவில் மன்றம், சிறார் திரைப்படம், வினாடி வினா, வாசிப்பு இயக்கம், அதன் மேல் குடியரசு தின, பாரதியார் தின விளையாட்டுப் போட்டிகள். ஒவ்வொன்றுக்கும் படம் எடுத்து இணையத்தில் ஏற்ற வேண்டும். ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை முழு வகுப்பும் ஒன்றாக உட்கார்ந்து நான் பார்ப்பதே குறைவு. பத்தாம் வகுப்பில் தோற்ற பிள்ளைக்கு ஒயிலாட்டச் சான்றிதழ் என்ன செய்யும்?

நேரம் போதாததால்தான் நாங்கள் நன்றாகப் பேசுகிற, ஏற்கெனவே பரிசு வாங்கிய பிள்ளைகளையே எல்லாப் போட்டிக்கும் அனுப்புகிறோம். புதுப் பிள்ளையைப் பழக்க அவகாசம் எங்கே இருக்கிறது?

விசில் சார்

சார், கடைசியாகச் சொன்னீர்களே, அதுதான் பிரச்சினையின் வேர். ஒரே பிள்ளை பேச்சுக்கும் போகிறது, ஓட்டத்துக்கும் போகிறது, நடனத்துக்கும் போகிறது, அதற்குத்தான் வகுப்பு அதிகம் பறிபோகிறது. ஆளுக்கு ஒரு போட்டி என்று வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு, மூன்று நாள்தான் போகும். எங்கள் பள்ளியில் தனிப் போட்டி ஒன்று, குழுப் போட்டி ஒன்று, அதற்கு மேல் யாருக்கும் கிடையாது என்று இரண்டு வருடமாக வைத்திருக்கிறோம். முதல் வருடம் பரிசு குறைந்தது. உண்மை. தலைமையாசிரியர் பொறுத்துக்கொண்டார். இப்போது பேச்சுப் போட்டிக்கு எட்டுப் பிள்ளைகள் தயாராக இருக்கிறார்கள்.

அறிவியல் இயக்கத் தோழன்

கண்மாய் ஆய்வு என்று படித்ததும் உள்ளே வந்துவிட்டேன் தோழரே. குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு வழிகாட்டியாக இருந்த அனுபவம் உண்டு.

தேசிய அளவில் 1993 முதல் நடக்கும் மாநாடு இது. தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ஒருங்கிணைக்கிறது. 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் கலந்துகொள்ளலாம். மாதிரி செய்து மேசையில் வைக்கிற கண்காட்சி இல்லை. ஊரிலேயே ஒரு கேள்வியை எடுத்து, தாமே அளந்து, எண்ணி, விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். அறிக்கையில் "மாவட்ட அளவில் பங்கேற்பு" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பிள்ளைகள் என்ன கண்டுபிடித்தார்கள் என்று இரண்டு வரி சேருங்கள். ஊர்ப் பெரியவர்கள் நிமிர்ந்து உட்கார்வார்கள், ஏனென்றால் அது அவர்கள் கண்மாய்.

தோற்றதைச் சொல்லலாமா என்று கேட்ட நண்பருக்கு ஒன்று. 2022-ல் நாடு முழுக்க 75 அரசுப் பள்ளிகளின் 750 மாணவிகள் சேர்ந்து ஆசாதிசாட் என்ற சின்னச் செயற்கைக்கோளுக்கு வேலை செய்தார்கள். மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகளும் அதில் உண்டு. ஆகஸ்ட் 7 அன்று எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட் கிளம்பியது, செயற்கைக்கோள் சரியான சுற்றுப்பாதையில் நிற்கவில்லை. அதனால் அந்தப் பிள்ளைகள் செய்தது ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னோமா? 2023 பிப்ரவரி 10-ல் ஆசாதிசாட்-2 நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது.

வைப்பாற்றுக்காரன்

தோழர் கேட்டதற்காக அந்த இரண்டு பிள்ளைகளிடமும் நோட்டை வாங்கிப் பார்த்தேன். பொங்கலுக்கு முன்னால் கலுங்கு வழியாகத் தண்ணீர் எத்தனை நாள் போனது, எந்த மடை அடைபட்டுக் கிடக்கிறது, வரத்துக்காலில் சீமைக் கருவேலம் எந்த இடத்தில் மண்டியிருக்கிறது என்று படம் வரைந்து குறித்திருக்கிறார்கள். மூன்று மடையில் ஒன்றுதான் ஒழுங்காக வேலை செய்கிறதாம். இதைக் கிராம சபையில் வைக்கலாம் என்று ஊராட்சித் தலைவரிடம் சொல்லியிருக்கிறேன்.

அப்புறம், டீச்சர் கேட்ட கேள்விக்குப் பதில். என்.எம்.எம்.எஸ். பிள்ளைகள் இருவரையும் விசாரித்தேன். பையனைத் தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். பெண் அரசு உயர்நிலைப் பள்ளியில்தான் படிக்கிறாள். விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள், பணம் வரவில்லை. ஏன் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

கணக்கு டீச்சர்

பையனுக்கு இனி வராது சார். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, உள்ளாட்சிப் பள்ளி இதில் தொடர்ந்தால்தான் இந்தத் தொகை. சேர்க்கைக்கு முன்னால் அந்த வீட்டில் யாராவது உட்கார்ந்து இதைச் சொல்லியிருந்தால் ஒருவேளை யோசித்திருப்பார்கள். ஊர்க்காரன் அண்ணா, சேர்க்கைக்குப் பேனரை விட இந்த ஒரு பேச்சு அதிகம் உதவும்.

பெண் பிள்ளைக்கு வழி இருக்கிறது. பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். வங்கிக் கணக்கு ஆதாரோடு இணையாமல் இருக்கலாம். இல்லையென்றால் பெயர் பொருந்தாமல் இருக்கலாம். நம் பிள்ளைகளுக்கு இனிஷியல்தான் தொல்லை. பள்ளிப் பதிவில் முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும் அல்லது அப்பா பெயர் முழுதாக இருக்கும். கணக்கு இணையவில்லை என்றால் தபால்காரரிடம் சொன்னால் அஞ்சலக வங்கியில் ஆதாரோடு கணக்கு தொடங்கித் தருவார். பெயரில் சிக்கல் என்றால் ஆதார் மையத்துக்குத்தான் போக வேண்டும்.

இன்னொன்றையும் அந்த வீட்டில் சொல்லி வையுங்கள். ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் எடுத்தால்தான் பதினொன்றாம் வகுப்பில் தொடரும், எஸ்.சி., எஸ்.டி. என்றால் 55.

முதல் பட்டதாரி

நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்தேன். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் சேர்ந்தேன், கல்லூரிக் கட்டணம், விடுதி எல்லாம் அரசே கட்டியது. மருத்துவத்துக்கு அந்த ஒதுக்கீடு 2020-ல் வந்தது, மற்ற தொழிற்படிப்புகளுக்கு 2021-ல். அதற்கு முந்தைய வருடங்களில் மருத்துவம் போன அரசுப் பள்ளிப் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். முதல் வருடமே மருத்துவமும் பல் மருத்துவமும் சேர்த்து 400 பேருக்கு மேல் போனார்கள்.

நான் சொல்ல வந்தது, இந்த வாய்ப்பெல்லாம் எனக்கு யார் சொன்னார்கள் என்பதுதான். எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் ஒரு அக்காவின் பெயரை வாசித்து, அவர் எந்தத் தேர்வு எழுதினார், அதனால் என்ன கிடைத்தது என்று விளக்கமாகச் சொன்னார்கள். என் அம்மா அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, நீயும் எழுது என்றார். பெயரையும் பரிசையும் மட்டும் வாசித்திருந்தால் அம்மா கைதட்டிவிட்டு வந்திருப்பார்.

அதனால் அறிக்கையில் அடுத்த வருடம் எழுதக்கூடியதையும் சேருங்கள். ஒன்பதாம் வகுப்பில் கிராமப்புறப் பிள்ளைகளுக்கு ஊரகத் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது, மாவட்டத்துக்கு ஐம்பது பையன், ஐம்பது பெண். பதினொன்றாம் வகுப்பில் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு, 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய் வீதம் இரண்டு வருடம், அதில் பாதி இடம் அரசுப் பள்ளிக்கு. கேள்வியெல்லாம் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்திலிருந்துதான். எங்கள் பள்ளியில் அதைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை.

ஊர்க்காரன்77

தம்பி, நீங்கள் சொல்கிற மாதிரி எழுதினால் எனக்கு மறுப்பில்லை. பெயர், செய்த காரியம், அதனால் கிடைத்தது, அடுத்து யார் எழுதலாம் என்று சொன்னால் பெற்றோர் காது கொடுப்பார்கள். ஆனால் நூற்றிருபது பெயரை மேடையில் வாசித்தால் ஒரு மணி நேரம் ஆகும், கூட்டம் கலைந்துவிடும். அதற்கு வழி சொல்லுங்கள்.

பத்தாம் வகுப்பு

வகுப்பு வாரியாகப் பிரித்து அச்சடித்து வீட்டுக்கு ஒன்று கொடுங்கள். மேடையில் ஒவ்வொரு குழுவையும் எழுந்து நிற்கச் சொன்னால் போதும், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். எட்டாம் வகுப்பை விட்டுப் போகிற பிள்ளைகளின் பட்டியலை எங்களைப் போன்ற உயர்நிலைப் பள்ளிக்கும் ஒரு படி அனுப்புங்கள். யார் என்.எம்.எம்.எஸ்., யார் கோ-கோ, யார் நன்றாக எழுதுவார்கள் என்று எங்களுக்கும் ஜூன் மாதமே தெரியும். புதுப் பிள்ளைகளைத் தேட நேரமில்லை என்ற என் குறையும் கொஞ்சம் தீரும்.

பட்டாசு ஆபீஸ் அம்மா

அச்சடிக்கும் காகிதத்தில் எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள் சார். எங்கள் வீடுகளில் பாட்டிமார்தான் பத்திரமாக எடுத்து வைப்பார்கள்.

வைப்பாற்றுக்காரன்

எல்லோருக்கும் நன்றி. நேற்று குழுவில் பேசினோம், கொஞ்சம் சத்தம் வந்தது, கடைசியில் வகுப்பு வாரியாக அச்சடிக்கலாம் என்று முடிவானது. பெண் பிள்ளையின் அம்மா நாளைக்குத் தபால்காரரைப் பார்க்கிறார். உயர்நிலைப் பள்ளிக்குப் பட்டியல் அனுப்பும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். துணைக்கு வரும் தாய்மாருக்குக் கூலி கொடுப்பது பற்றி இன்னும் முடிவாகவில்லை, பணம் எங்கிருந்து என்ற கேள்வி நிற்கிறது.

விசில் சார், ஒரு உதவி. எங்கள் கோ-கோ பிள்ளைகள் அடுத்த வருடமும் போக வேண்டும் என்று நிற்கிறார்கள். ஏழாம் வகுப்பிலிருந்து நாலு பேர் புதிதாகக் கேட்கிறார்கள், என் மகளும் அதில் ஒருத்தி. பழக்க ஆள் இல்லை.

விசில் சார்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் மைதானத்துக்குக் கூட்டி வாருங்கள். கம்பம் இருக்கிறது. தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் எடுத்து வரச் சொல்லுங்கள். வெறும் வயிற்றோடு அனுப்ப வேண்டாம். புதிதாகக் கேட்கிற நாலு பேரையும் விட்டுவிடாமல் கூட்டி வாருங்கள், முதலில் உட்கார்ந்து எழுந்து திசை எடுக்கப் பழக்கலாம்.